நட்டுவாங்கம் பதிய ஓடியோ இன்டர்பேஸ் வாங்கிய அனுபவம்

சின்னம்மா வெள்ளவத்தையில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறார். வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஜதியையும் (தாளத்துக்கு ஆடும் சொற்கோவை) உருப்படியையும் (முழு ஆடல்) பிள்ளைகள் வீட்டில் ஆடிப் பழகுவதற்கு ஒலிப்பதிவு தேவை. இவ்வளவு காலமும் போனில் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்பி வந்தார். அதில் ஒரு தொல்லை. தாளம் விழும் ஒவ்வொரு முறையும் குரல் உள்ளே அமுங்கி, பிறகுதான் மெல்ல எழும்பும். போன் மனிதர் கதைப்பதைப் பிடிப்பதற்காகச் செய்த சாமான். திடீரென்று பெரிய சத்தம் வந்தால் ஒலிமட்டத்தைத் தானாகவே குறைத்துவிடும். "தகதிமி"யில் "திமி" காணாமல் போனால் ஆடுகிற பிள்ளை எதைப் பிடித்து ஆடும்?

"இதை ஒருக்கா வடிவாப் பதிஞ்சு தா தம்பி" என்று சின்னம்மா கேட்டபோதுதான் மைக்கை லப்டொப்போடு இணைத்துப் பதிய உதவும் பெட்டியான ஓடியோ இன்டர்பேஸ் ஒன்றைத் தேடத் தொடங்கினேன். கொழும்பில் இருந்துகொண்டு, குறைந்த காசில், இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு உதவும் என்று நினைத்து எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்களில் 24 பிட் என்பதைத் தவிர எதுவும் எனக்குத் தேர்வில் உதவவில்லை. எத்தனை மைக் பூட்டலாம், என்னிடம் உள்ள மைக்குக்குத் தேவையான கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவு) இரைச்சலில்லாமல் சுத்தமாகக் கொடுக்குமா, விண்டோஸுக்குச் சொந்த டிரைவர் (பெட்டியை லப்டொப்போடு பேசவைக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்ற மூன்றும்தான் முடிவைத் தந்தன.

எங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மைக் வேண்டும். ஒன்று நட்டுவாங்கம் செய்யும், அதாவது "தகதிமி" போன்ற சொற்கட்டுச் சொல்லித் தாளம் தட்டும், சின்னம்மாவுக்கு, மற்றது மிருதங்கத்துக்கு. லப்டொப்பின் மைக் ஜெக் இதற்கு ஆகாது. ஹெட்செட்டில் இருக்கும் சிறிய மைக்குக்காக வைத்த வாசல் அது. கொண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் அதில் வராது. உள்ளே ஓடும் மின்விசிறியின் மின் இரைச்சலும் சேர்ந்துவிடும். யூஎஸ்பி மைக் ஒரு ஆள் கதைப்பதைப் பதிய மிகத் திறமான சாமான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே விண்டோஸ் லப்டொப்பில் குத்தினால் ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடும். பத்து நிமிட உருப்படியின் கடைசியில் தாளமும் மிருதங்கமும் விலகி நிற்கும். நட்டுவாங்கத்தில் அதை விடப் பெரிய கேடு இல்லை.

மிருதங்கம் வாசிக்கும் சேர் வேறு யோசனை சொன்னார்: "தம்பி, சின்ன மிக்சர் ஒண்டை வாங்குங்கோ, எல்லாம் அதிலயே இருக்கு." புறக்கோட்டையில் இப்படியான மிக்சர்கள் நிறைய உண்டு. 48 வோல்ட், எக்கோ, புளூடூத், யூஎஸ்பி எல்லாம் இருக்கும். கோவில் மேடைக்கு அது சரி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எல்லா மைக்கையும் ஒன்றாகக் கலந்து இரண்டு தடங்களாகத்தான் லப்டொப்புக்கு அனுப்பும். எக்கோவும் அதிலேயே ஏறிவிடும். பிறகு மிருதங்கத்தை மட்டும் கொஞ்சம் குறைக்க நினைத்தால் வழியில்லை. ஒவ்வொரு மைக்கும் தனித் தடமாக வரவேண்டும் என்பதால் மிக்சரை விட்டேன். போன் நேரலைக்கென்று விற்கும் வி8 என்ற சின்னப் பெட்டியும் இதே காரணத்தால் தள்ளுபடி.

சரி, இன்டர்பேஸ் என்றே முடிவாகிவிட்டது. எது?

இணையத்தில் "மலிவு" என்று சொல்லப்படுவது கொழும்பில் மலிவாக இருக்காது. 2022-இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. பிறகு 300-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். ஆக, 100 டொலர் பெட்டி என்றால் கப்பல் கூலிக்கும் வரிக்கும் முன்னமே 30,000 ரூபா. அதனால் தேவையில்லாத ஒரு வசதிக்கும் காசு கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

பார்த்தவற்றில் விலை குறைந்தவை பெரிங்கர் யூஎம்2, யூஎம்சி22. இரண்டிலும் மைக் வாசல் ஒன்றுதான். மற்றது கிட்டார் போன்றவற்றுக்கு. 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். விண்டோஸில் தாமதம் குறைந்த பதிவுக்குப் பொதுவான ஏசியோ4ஆல் டிரைவரை நம்பித்தான் ஓட வேண்டும். போகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ நல்ல பெயர் எடுத்த பெட்டி, ஆனால் அதிலும் மைக் வாசல் ஒன்றே. இரண்டு ஓட்டை இருப்பதைப் பார்த்து இரண்டு மைக் போடலாம் என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு, கவனமாக இருங்கள். ஒன்று மைக்குக்கு, மற்றது வாத்தியத்துக்கு. இரண்டு மைக் என்று வந்தால் பெரிங்கர் யூஎம்சி202எச்டி, எம்-ஓடியோ எம்-ட்ரக் டுவோ, ஸ்கார்லெட் 2ஐ2, ஓடியன்ட் இவோ 4, மோட்டு எம்2 என்று பட்டியல் சுருங்குகிறது. எம்2-இன் முகப்பில் ஒலிமட்டம் காட்டும் சிறு திரை எனக்கு மிகவும் பிடித்தது. இவோ 4 நீங்கள் பாடும்போது கேட்டுக் கெயினைத் தானே அமைத்துத் தரும். தொழில்நுட்பம் தெரியாத ஒருவர் தனியாகப் பதிவதானால் அதையே வாங்கச் சொல்வேன். ஆனால் எங்கள் கைக்காசுக்கு இரண்டுமே எட்டவில்லை.

எண்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கடையில் எல்லோரும் முதலில் காட்டுவது "192 கிலோஹேர்ட்ஸ்", அதாவது ஒலியை வினாடிக்கு 192,000 தடவை அளப்பது. மனிதக் காது கேட்பது 20 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும். 48-இல் பதிந்தாலே அதில் பாதியான 24 வரை பிடித்துவிடும். 24 பிட்டில், 48-இல் பதிந்தால் ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு 8.6 மெகாபைட். 192-இல் அதுவே 34.6. நான்கு மடங்கு இடம், கேட்பதற்கு ஒன்றும் கூடவில்லை. பிட், அதாவது ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாகப் பதிவது என்பது, வேறு விடயம். 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் உச்சத்துக்கும் இடைவெளி 96 டெசிபல், 24 பிட்டில் கணக்குப்படி 144. நடைமுறையில் மின்சுற்று 100, 110 என்று நின்றுவிடும். என்றாலும் மட்டத்தைத் தாராளமாகக் குறைத்துப் பதிந்துவிட்டுப் பிறகு உயர்த்தலாம் என்ற துணிவு 24 பிட்டில்தான் வரும். தாளம் பதிகிறவருக்கு அது மிகவும் முக்கியம். அதனால் 16 பிட் பெட்டிகளை ஒதுக்கினேன்.

மைக்கைப் பார்த்து இன்டர்பேஸ்

மைக்கையும் இன்டர்பேஸையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கக்கூடாது. என்னிடம் இருந்தவை ஓடியோ-டெக்னிக்கா ஏடி2020 கொண்டென்சரும், 48 வோல்ட் தேவைப்படாத ஷூர் எஸ்எம்58 டைனமிக்கும். ஒரே அளவு சத்தத்துக்கு ஏடி2020 கொடுக்கும் மின்னழுத்தம் 14 மில்லிவோல்ட் என்றால், எஸ்எம்58 கொடுப்பது 1.85 மில்லிவோல்ட். டெசிபல் கணக்கில் பதினேழரைக்கும் மேல் வித்தியாசம். அதாவது, அதே குரலை எஸ்எம்58-இல் பதிய இன்டர்பேஸ் அவ்வளவு கூடுதலாகப் பெருக்க வேண்டும். ஷூர் எஸ்எம்7பி இன்னும் மெல்லிய சமிக்ஞை தரும். அதற்கு 60 டெசிபல் வரை கெயின் வேண்டும். அந்த மைக்கின் தோற்றத்துக்கு ஆசைப்பட்டு வாங்கி, மலிவுப் பெட்டியில் பூட்டினால் குமிழை முழுவதும் திருப்ப வேண்டி வரும். அங்கேதான் "ஸ்ஸ்" என்ற இரைச்சல் காத்திருக்கிறது.

எங்கள் விடயத்தில் பங்கீடு இயல்பாகவே அமைந்தது. மிருதங்கம் கிட்டத்தில் வைத்தால் நல்ல சத்தம். டைனமிக்குக்கு அது போதும், கெயினும் அதிகம் வேண்டாம். குரலுக்குக் கொண்டென்சர். இப்படியென்றால் எந்த வாசலிலும் குமிழ் பாதியைத் தாண்டப்போவதில்லை. கூடுதல் கெயின் தரும் விலை கூடிய பெட்டி எங்களுக்கு அவசியமில்லை என்பது இங்கே தெளிவாயிற்று.

கடையில் சோதிக்க ஒரு வழி செய்தேன். முதலாம் குறுக்குத் தெருக் கடையில் நின்று ஹெட்போனைப் போட்டு இரைச்சல் கேட்க முடியாது. வெளியே லொறி, நாட்டாமைமாரின் சத்தம், உள்ளே பெரிய ஸ்பீக்கர்கள். மைக்கைப் பூட்டினால் அதெல்லாம் வந்துவிடும். அதனால் மைக்கே இல்லாமல் சோதித்தேன். மைக் கேபிளின் நுனியில் வருகிற, மூன்று பின் உள்ள ஆண் கெனன் (எக்ஸ்எல்ஆர்) பிளக் ஒன்றை எடுத்து, உள்ளே 2ஆம் 3ஆம் பின்களுக்கு இடையில் 150 ஓம் தடை ஒன்றை ஈயம் வைத்து ஒட்டினேன். நிறக்கோடுகள் பழுப்பு, பச்சை, பழுப்பு. பிளக்கை மூடி இன்டர்பேஸில் குத்தினால், அதற்கு அது 150 ஓம் மைக் மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்த மைக்குக்குக் காது கிடையாது. பதிவில் வருவது இன்டர்பேஸின் சொந்த இரைச்சல் மட்டும். 48 வோல்டை மட்டும் அணைத்து வைக்க வேண்டும்.

இந்தச் சோதனை மூலம் ஒரு விடயம் நன்றாக விளங்கியது. 150 ஓம் தடை தன் வெப்பத்தாலேயே எழுப்பும் இரைச்சல் ஏறத்தாழ −131 டிபியு (மின்னழுத்த மட்டத்தைச் சொல்லும் டெசிபல் அளவு, கீழே போகப் போக இரைச்சல் குறைவு). அதற்குக் கீழே எந்தப் பெட்டியாலும் போக முடியாது. நல்ல இன்டர்பேஸ்கள் −127, −128, −129 என்று ஏற்கெனவே இயற்கையின் எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. அதனால் குமிழ் பாதியில் இருக்கும்போது மலிவுப் பெட்டிக்கும் விலை கூடிய பெட்டிக்கும் இடையில் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. முக்கால் பங்கைத் தாண்டிய பிறகுதான் பிரிகின்றன. ஒரு பெட்டியில் கெயின் முழுவதும் கடைசித் திருப்பில் ஒன்றாகப் பாய்ந்தது. மயிரிழை அசைத்தால் மட்டம் எகிறும். அப்படிக் குமிழ் இருந்தால் இரண்டு நாள் வேறு வேறு நேரத்தில் பதிவதை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது கஷ்டம்.

எல்லாக் கடையும் இப்படிச் சோதிக்க விடாது. சில இடங்களில் பெட்டியைத் திறக்கவே மறுத்தார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்காரர் மட்டும் என் லப்டொப்பை மேசையில் வைக்க இடம் தந்து, தானும் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். "இந்த பிளக்கை எனக்கும் ஒண்டு செய்து தாங்க தம்பி" என்றார். முகவரின் உத்தரவாத அட்டையும் கையில் கிடைத்தது. யூஎம்சி202எச்டியை அவரிடமே வாங்கினேன். இரண்டு மைக் வாசல், 24 பிட், விண்டோஸுக்குச் சொந்த ஏசியோ டிரைவர், யூஎஸ்பியிலேயே மின்சாரம். ஸ்கார்லெட் 2ஐ2 இன்னும் வசதியான பெட்டிதான். 2023-இல் வந்த நான்காம் தலைமுறையில் கெயின் 69 டெசிபல். டைனமிக் மைக்கில் மெல்லப் பேசுகிறவர்கள் அந்தக் காசைக் கொடுக்கலாம், வீண் இல்லை. எங்களுக்கு மிஞ்சிய காசு கேபிளுக்கும் ஸ்டாண்டுக்கும் போனது.

கேபிள்

கேபிளைச் சும்மா விட முடியாது. கரோக்கி மைக்கோடு வரும் கேபிள்களில் ஒரு பக்கம் கெனன், மறு பக்கம் பெரிய ஜெக். இன்டர்பேஸின் முகப்பு ஓட்டையில் இரண்டுமே போகும். ஆனால் பெரிய ஜெக்கைக் குத்தினால் சமிக்ஞை மைக் பெருக்கிக்குப் போகாது, லைன் பக்கத்துக்குப் போய்விடும். 48 வோல்டும் வராது. கொண்டென்சர் மைக் செத்த மாதிரிக் கிடக்கும், டைனமிக் தூரத்தில் முணுமுணுக்கும். பெட்டி பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் எத்தனை இந்தக் கேபிளால் வந்ததோ! இரண்டு பக்கமும் கெனன் உள்ள கேபிள்தான் வேண்டும்.

நான் மைக் வயரை மீட்டர் கணக்கில் வாங்கி வீட்டிலேயே செய்தேன். பின்னல் உறையைத் திரித்து 1ஆம் பின்னுக்கு, ஒரு வயர் 2-க்கு, மற்றது 3-க்கு, மறு நுனியிலும் அதே வரிசை. வயரின் பிளாஸ்டிக் சீக்கிரம் உருகும் என்பதால் பின்னிலும் வயரிலும் முதலில் தனித்தனியே ஈயம் பூசிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு கணம் மட்டும் சூடு காட்ட வேண்டும். முடிந்ததும் மல்டிமீட்டரில் ஒவ்வொரு பின்னுக்கும் "பீப்" பார்த்தேன். 2-க்கும் 3-க்கும் இடையில் சத்தம் வரக்கூடாது என்பதையும் பார்க்க வேண்டும். இது ஒழுங்காக இருந்தால் வேறொரு பயமும் நீங்கும். இந்தப் பெட்டியில் 48 வோல்ட் இரண்டு வாசலுக்கும் ஒன்றாகத்தான் போகும். ஆனால் டைனமிக் மைக்கின் 2ஆம் 3ஆம் பின்களுக்கு ஒரே அழுத்தம் போவதால் சுருளில் மின் ஓடாது, மைக்குக்குக் கெடுதல் இல்லை. பழைய ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் மட்டும் அதை 48 வோல்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

வீட்டில் பூட்டியபோது

முதலில் டிரைவரை நிறுவி, பிறகு பெட்டியைக் குத்தி, ரீப்பர் மென்பொருளில் ஏசியோவைத் தெரிவு செய்து 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று வைத்தேன். ரீப்பரை 60 நாள் முழுமையாகப் பாவித்துப் பார்க்கலாம். தனியாட்களுக்கான உரிமம் 60 டொலர்.

எவரும் கதைக்காமல் கொஞ்ச நேரம் வெறும் அறையைப் பதிந்து, மட்டத்தை உயர்த்திக் கேட்டேன். இரண்டு சத்தம் வந்தது. ஒன்று கனத்த "ம்ம்ம்", நம்முடைய 50 ஹேர்ட்ஸ் மின்சாரம். மற்றது மெல்லிய விசில். ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் அலைமாலையில் பார்த்தால் சரியாக 1,000 ஹேர்ட்ஸில் ஒரு முள் நின்றது. யூஎஸ்பி ஒரு வினாடிக்கு 1,000 தடவை பொட்டலம் கட்டித் தரவு அனுப்புவதால், அந்த ஓட்டம் மின் வழியே கசிந்தால் இப்படி விசிலாகக் கேட்கும். லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றியதும் "ம்ம்ம்" அடங்கியது. யூஎஸ்பி வாசலை மற்றப் பக்கத்துக்கு மாற்றியதும் விசில் அலைமாலையில்கூடத் தெரியவில்லை. ஆகவே பதிவது எப்போதும் பற்றரியில், இடது பக்க வாசலில். மிருதங்க சேர் வருமுன் பற்றரி நிறைந்திருக்க வேண்டும் என்பது இப்போது வீட்டுச் சட்டம். சார்ஜரோடுதான் பதிய வேண்டும் என்றால் லப்டொப்பையும் பதிவோடு தொடர்புள்ள மற்றச் சாமான்களையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து எடுங்கள்.

அறைக்குச் செலவு செய்யவில்லை. வகுப்பு நடக்கும் கூடம் முழுக்க டைல், வெறும் சுவர். கைதட்டினால் நீளமாக ஒலிக்கும். அதனால் படுக்கையறைக்கு மாறி, தரையில் பாயும் அதன்மேல் மெத்தை விரிப்பும் போட்டு, ஆடற்சேலைகள் நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்துச் சின்னம்மாவை அதற்கு முதுகு காட்டி இருத்தினோம். மைக் பார்க்கும் பக்கத்தில் துணி இருந்தால் எதிரொலி திரும்ப வராது. கடற்கரை ரயில் போகும் நேரத்தைப் பார்த்து, சீலிங் பேனை நிறுத்தி, பீத்தோவனை இசைத்துக்கொண்டு வரும் பாண் ஓட்டோ போன பிறகு தொடங்கினோம்.

மட்டம் வைப்பதில்தான் அதிக நேரம் போனது. நட்டுவாங்கத் தாளத்தில் ஒன்று வெண்கலம், ஒன்று இரும்பு. இரண்டும் மோதும் கணம் மிகக் குறுகியது, ஆனால் குரலை விடப் பல மடங்கு உயரத்துக்குப் பாயும். குரலைக் கேட்டுக் கெயின் வைத்தால் முதல் தட்டிலேயே சிவப்பு விளக்கு எரியும். அப்படி வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு எதனாலும் மீட்க முடியாது. ஆகவே குரலை மறந்துவிட்டு, ஜதியை முடிக்கும் தீர்மானத்தில் தட்டுவது போல் முழு வேகத்தில் தட்டச் சொன்னேன். ஒலி வெட்டுப்படும் எல்லை 0 டெசிபல். உச்சம் −6-ஐத் தாண்டாதபடி குமிழை இறக்கினேன். அந்த நிலையில் குரல் −20-க்குப் பக்கத்தில் மெலிந்து தெரியும். பயப்படத் தேவையில்லை, 24 பிட் வாங்கியது இதற்காகத்தான். மைக்கை வாய்க்கு நேரே ஒரு சாண் தூரத்தில் வைத்து, அதன் முகப்பைக் கொஞ்சம் உயர்த்தி, முதுகுப் பக்கம் மடியில் இருக்கும் தாளத்தைப் பார்க்கும்படி சாய்த்தேன். ஏடி2020 முன்னால் கேட்பதை விடப் பின்னால் மிகக் குறைவாகவே கேட்கும். அந்தச் சாய்வு மட்டுமே தாளத்தை நன்றாக அடக்கியது.

சில உருப்படிகளில் மிருதங்கத்தைப் பிறகு சேர்க்கிறோம். சேர் ஹெட்போனில் சின்னம்மாவின் பதிவைக் கேட்டுக்கொண்டே வாசிப்பார். தன் வாசிப்பும் காதில் உடனே கேட்க வேண்டும். லப்டொப்புக்குள் போய்த் திரும்பி வந்தால் அது பிந்தும். லப்டொப் ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபர் 256 சாம்பிள் என்றால் 48-இல் ஒரு வழிக்கே 5.3 மில்லிவினாடி, போக வர இன்னும் கூடும். திஸ்ர நடையில் வேகமாக வாசிக்கிறவரின் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். இன்டர்பேஸில் இருக்கும் நேரடிக் கேட்பு பொத்தானை அமுக்கினால் மைக் ஒலி லப்டொப்புக்குப் போகாமலே ஹெட்போனுக்கு வரும். ரீப்பரில் அந்தத் தடத்தின் கேட்பை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரட்டைச் சத்தம்.

முடிந்த பதிவை 192 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கி, வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அல்லாமல் டொக்கியுமன்டாக அனுப்புகிறோம். அப்போதுதான் அது திரும்பவும் நசுக்கப்படாமல் போய்ச் சேரும். இப்போது இரண்டு தடமும் தனியே இருப்பதால், சின்னம்மா ஒவ்வொரு ஜதிக்கும் இரண்டு வடிவம் கேட்கிறார்: சிறிய பிள்ளைகளுக்குச் சொற்கட்டை முன்னுக்குக் கொண்டுவந்து ஒன்று, பெரிய பிள்ளைகளுக்கு மிருதங்கத்தை உயர்த்தி ஒன்று. அடுத்து வயலினும் வேண்டுமாம். மூன்று பேரும் ஒன்றாக இருந்து வாசிப்பதானால் நான்கு வாசல் பெட்டி தேவை. அதுவரைக்கும் வயலினை மிருதங்கம் போலவே பிறகு சேர்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.